லேன் வயரா, போன் ஹாட்ஸ்பாட்டா?
மட்டக்களப்பில் மாரி தொடங்கி இடி மின்னல் வந்தாலே, "இன்டர்நெட் வேலை செய்யுதில்லை" என்ற பேச்சுத்தான். கோளாறு கணினியிலா, வெளியிலா என்று பார்க்க இரண்டு வழி உண்டு.

போனில் ஹாட்ஸ்பாட் போடுவது சுலபம். இணையம் வந்தால் கணினியில் பெரும்பாலும் பிழையில்லை, ரவுட்டரையோ லைனையோ பாருங்கள். ஆனால் இடையில் விண்டோஸ் அப்டேட் ஓடத் தொடங்கினால் டேட்டா கரைந்துவிடும்.

என் தேர்வு லேன் வயர், அதாவது கணினியை ரவுட்டரோடு இணைக்கும் வயர்தான். குத்தியதும் போர்ட் (வயர் குத்தும் துளை) அருகே சின்ன லைட் மினுங்க வேண்டும். மினுங்காவிட்டால் பெரும்பாலும் வயரோ போர்ட்டோ பழுது. மின்னலில் போர்ட் மட்டும் போவதும் உண்டு. லைட் எரிந்தும் கணினியின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். வயரில் வருகிறது, வைஃபையில் இல்லையா? சரி, வைஃபை அலைவரிசையை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றுங்கள், கல்வீட்டுச் சுவரை அதுதான் நன்றாகத் தாண்டும்.