ஒரே 10 கே டைம், நாலைந்து கணிப்பு: மராத்தானுக்கு எதை நம்புவது?

10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுகிறவர் மராத்தானை எவ்வளவு நேரத்தில் முடிப்பார்? ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் ரீகல் சூத்திரம் 3 மணி 50 நிமிடம் என்கிறது. அதே வேலையைச் செய்யும் விடாட் (VDOT) அட்டவணையில் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே 3:50. இரண்டும் ஒத்துப்போகின்றன, அப்போ சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நாம் கொடுத்தது ஒரே ஒரு பந்தய நேரம். வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறவரா, 90 ஓடுகிறவரா என்று இரண்டுமே கேட்கவில்லை.

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரம் ரொம்ப எளிமையானது. தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும், அவ்வளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். ஜாக் டேனியல்ஸும் ஜிம்மி கில்பர்ட்டும் 1979-இல் கொண்டுவந்த விடாட் முறை வேறு வழியில் போகிறது: ஒரு வேகத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகும், உச்ச அளவில் எத்தனை சதவீதத்தை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று கணக்கிடுகிறது. பயிற்சி பேஸ்களையும் (கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) சேர்த்துத் தருவதால் தினசரி ஓட்டத்துக்கு விடாட்தான் உபயோகம்.

5 கே, 10 கே, ஹாஃப் மராத்தான் வரைக்கும் எதை எடுத்தாலும் பெரிதாகத் தப்பாது. சிக்கல் ஹாஃபைத் தாண்டிய பிறகுதான். ஆண்ட்ரூ விக்கர்ஸும் எமிலி வெர்டோசிக்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரர்களின் நேரங்களை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹாஃப் வரை ரீகல் சரியாகவே கணிக்கிறது. மராத்தானில் மட்டும் பாதிப் பேருக்கு 10 நிமிடமோ அதற்கு மேலோ வேகமான நேரத்தைச் சொல்கிறது என்பது அதில் தெரிந்தது. 30 கிலோமீட்டருக்கு மேல் கிளைக்கோஜன் (உடலில் சேமித்த சர்க்கரை) தீர்ந்து கால் கெட்டிப்படுவதை 10 கே நேரம் எப்படிக் காட்டும்?

இந்த 1.06 எல்லோருக்கும் பொதுவான எண் இல்லை என்பதுதான் விஷயம். உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். 10 கே 50 நிமிடம், ஹாஃப் 1:54 என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டையும் சூத்திரத்தில் போட்டால் அடுக்கு 1.10-க்குச் சற்று மேலே வருகிறது. அதே அடுக்கில் ஹாஃபிலிருந்து மராத்தானுக்குப் போனால் 4:05. பொது எண்ணான 1.06-ஐப் போட்டு 10 கேயிலிருந்து கணித்ததைவிட 15 நிமிடம் அதிகம். 3:50-க்குக் கிலோமீட்டருக்கு 5:27 பேஸ், 4:05-க்கு 5:48. 21 விநாடி வித்தியாசம் முதல் 10 கிலோமீட்டரில் உறைக்காது. கடைசி 10 கிலோமீட்டரில் அது நடையாக மாறிவிடும். பல மாத உழைப்பு இப்படி ஒரு தப்பான தொடக்க வேகத்தால் வீணாகக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பயிற்சியைக் கணக்கில் எடுக்கும் முறைகள் இதைவிட ஒரு படி மேல். விக்கர்ஸும் வெர்டோசிக்கும் உருவாக்கிய கணிப்பு முறை பழைய பந்தய நேரங்களோடு வாராந்திரத் தூரத்தையும் கேட்கிறது. ஜொவான்னி டாண்டாவின் 2011 சூத்திரம் பந்தய நேரத்தையே கேட்பதில்லை. பந்தயத்துக்கு முந்தைய 8 வாரத்தின் சராசரித் தூரமும் சராசரி பேஸும் போதும். ஆனால் அது மிகச் சில ஓட்டக்காரர்களின் தரவில் உருவானது, அவர்களும் வேகமானவர்கள். மராத்தானுக்கு 4 மணி நேரம் எடுப்பவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். மராத்தானுக்கு ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு விக்கர்ஸ், வெர்டோசிக் முறைக்கே.

வாட்ச் சொல்லும் கணிப்பு? அது பெரும்பாலும் இதயத் துடிப்பையும் வேகத்தையும் ஒப்பிட்டு விஓ2 மேக்ஸை (உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்ஸிஜன் அளவை) ஊகித்து, அதன்மேல் கட்டும் கணக்கு. புது வாட்ச்கள் சில பயிற்சி வரலாற்றையும் சேர்த்துக்கொள்கின்றன. அடித்தளம் துடிப்பு என்பதால், உச்சத் துடிப்பை 220 கழித்தல் வயது என்று விட்டுவைத்தால் எல்லாமே சாயும். உண்மையான உச்சத்தைவிட அமைப்பில் அதிகமாக இருந்தால் உங்களை நிஜத்தைவிட வேகமானவராகக் காட்டும், குறைவாக இருந்தால் மந்தமானவராக. மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வாட்ச் நல்லது. அதன் எண்ணை அப்படியே இலக்காக எடுக்காதீர்கள்.

அப்புறம் யாஸோ 800. 800 மீட்டரைப் பத்து தடவை 4 நிமிடத்தில் ஓடினால் மராத்தான் 4 மணி நேரம் என்பார்கள். நிமிடமும் மணியும் பொருந்திவருவது அழகுதான், ஆனால் நடுவில் ஓய்வு எடுத்து ஓடும் 8 கிலோமீட்டர், மராத்தானின் 42 கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்லாது. பயிற்சியாகச் செய்யுங்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் கொடுக்கும் நேரம் முழு மூச்சாக ஓடிய, சமீபத்திய, சமதளப் பந்தயத்தின் நேரமாக இருக்கட்டும். மராத்தானுக்கு 4 முதல் 6 வாரம் முன்னால் ஒரு ஹாஃபை அப்படி ஓடி, அதிலிருந்து கணியுங்கள். பந்தய நாள் சூடாகவோ பாதை மேடாகவோ இருக்கப்போகிறது என்றால் வந்த எண்ணோடு சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டு தொடக்கக் கோட்டில் நில்லுங்கள்.