ஈரக் குப்பைய வெளிய தராம இருக்கோம்: கடலூர்ல டிரம் கம்போஸ்ட், சில வருஷ அனுபவம்

மஞ்சக்குப்பம் பக்கம் தனி வீடு, பின்னாடி கொஞ்சம் மண் தரை, வீட்ல 4 பேர். காய் தோலு, பழத் தோலு, டீத்தூள், வாடின பூ எதையும் குப்பை வண்டில போடறதில்ல, எல்லாம் டிரம்முல போட்டு மக்க வெச்சு உரமாக்கறோம், அதான் கம்போஸ்ட். வீடியோ போடறவங்க எல்லாம் முதல் மாசத்தோட நிறுத்திடறாங்க, ஐப்பசி மழைல அந்த டிரம் என்ன ஆச்சுன்னு யாருமே காட்ட மாட்டேங்கறாங்க, அதான் எழுதறேன்.

ஆரம்பத்துல ஆன்லைன்ல ஒரு ரெடிமேட் பின் வாங்குனோம், கம்பெனி பேர் வேணாம். அடியில குழாய் இருக்கும், அதுல வர்ற தண்ணிய செடிக்கு ஊத்தலாம்னு போட்டிருந்தாங்க, குழாய் கொஞ்ச நாள்லயே அடைச்சுக்கிச்சு, உள்ள தண்ணி கட்டி ஒரே நாத்தம். இறுக்கி மூடி வெக்கற டைப்பு நம்ம ஊர் புழுக்கத்துக்கு சரிப்பட்டு வரல. அத ஓரங்கட்டிட்டு பழைய நீல டிரம் ரெண்டு வாங்கி சுத்தி ஓட்டை போட்டு, அடியிலயும் போட்டு, செங்கல் மேல தூக்கி வெச்சோம். கெமிக்கல் கம்பெனிங்க இருக்கற சிப்காட் நம்ம ஊர்ல இருக்கு, பழைய டிரம் வாங்கும்போது உள்ள முன்னாடி என்ன வந்துச்சுன்னு கேட்டு வாங்குங்க, சமையல் எண்ணெய் வந்ததுன்னா ஓகே, கெமிக்கல் வந்ததுன்னா எத்தன தடவ கழுவுனாலும் வேணாம்.

வேல ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு கை ஈரக் குப்பை போட்டா ரெண்டு கை காஞ்ச இல, அவ்ளோதான் கணக்கு. ஆரம்பிக்கும்போது மட்டும் புளிச்ச மோர்ல கொஞ்சம் வெல்லம் கரைச்சு தெளிச்சோம், அப்புறம் பழைய உரமே ஒரு பிடி போதும், காசு குடுத்து மக்க வெக்கற பவுடர் வாங்க வேண்டியதில்ல. வாரத்துக்கு ஒரு தடவ குச்சி விட்டு கிளறணும். ஈரம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியணும், விரல் இடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகுனா இல போடணும், உதிர்ந்துச்சுன்னா தண்ணி தெளிக்கணும். நல்லா வேல நடக்கும்போது நடுவுல கைய விட்டா சுடும். டிரம் ரொம்புன அப்புறம் ரெண்டு மூணு மாசம் சும்மா விட்டுட்டு அடுத்த டிரம்முக்குப் போயிடணும்.

கொழுகொழுன்னு சாம்பல் கலர்ல புழு வரும், பாத்ததும் பாதிப் பேரு பயந்துபோய் நிறுத்திடறாங்க. அது பிளாக் சோல்ஜர் ஈயோட புழு, நம்ம வேலையத்தான் அது பாக்குது. வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டு மேல வந்து உக்காராது. குட்டி குட்டியா பழ ஈ மொய்க்குதுன்னா மேல இல பத்தலன்னு அர்த்தம்.

எங்க ஊர் ஸ்பெஷல் பிரச்சன பலாப்பழம். பண்ருட்டி பக்கத்துலயே இருக்கறதால சீசன்ல ஆளாளுக்கு முழுப் பழமா தூக்கிட்டு வந்துடறாங்க, திங்கறது கொஞ்சம், மடலும் சக்கையும் ஒரு கோணி. அத அப்படியே உள்ள தள்ளுனா டிரம் ஒரே பழத்துல ரொம்பிடும், சாராய வாட வரும். விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு நாள் வெயில்ல போட்டுட்டு, கொஞ்சம் கொஞ்சமா போடணும். மீன் கழிவும் போடலாம்னு சிலர் சொல்றாங்க, தேவனாம்பட்டினத்து மீன் வாரம் தவறாம வர்ற வீடு எங்களுது, டிரம்முல போட்டா தெருப் பூன மொத்தமும் நம்ம வீட்லதான் குடியிருக்கும், குழி வெட்டி ஆழமா புதைக்கறதுதான் நிம்மதி. ஆத்துத் திருவிழா முடிஞ்சதும் வர்ற சிறுவள்ளிக்கிழங்குத் தோலு, பொங்கல் கரும்புச் சக்க ரெண்டும் பிரச்சனையே இல்ல, சக்கய நறுக்கிப் போட்டா காஞ்ச இலைக்கு பதிலாவே ஆகுது. ஊறுகா, எண்ணெய், மிஞ்சுன குழம்பு மட்டும் வேணாம்.

வீட்டுக்கு உரம் கெடச்சத விட, வாசல்ல நடந்த மாத்தம்தான் எனக்குப் பெருசா தெரியுது. காலைல பேட்டரி வண்டில வர்ற அக்காவுக்கு முன்னாடி எல்லார் மாதிரியும் முடிச்சுப் போட்ட கவர்தான் குடுப்போம். அவங்க அத அவுத்து கையாலயே மக்குறது மக்காததுன்னு பிரிக்கணும், கவர் அடியில இருந்து பழைய சாம்பார் தண்ணி புடவைல ஒழுகும், உள்ள எப்பவாச்சும் ஒடஞ்ச கண்ணாடி இருக்கும். ஈரம் போன அப்புறம் மிச்சம் இருக்கறது பால் கவர், பிஸ்கட் கவர், அட்டதான், அத கழுவி காயவெச்சு ஒரு பையில போட்டு ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா குடுத்தாலே போதும். "ஒங்க வீட்டு பைய தூக்குனா ஒழுகாது தம்பி, எல்லாரும் இப்படி குடுத்தா ஒம்போது மணிக்கே வார்டு முடிஞ்சிரும்"னு அந்த அக்கா சொன்னாங்க. பிரிச்சுக் குடுக்கணும்னு 2016லயே திடக்கழிவு விதில வந்தாச்சு, கடலூரு 2021ல மாநகராட்சியும் ஆயிடுச்சு, 45 வார்டு, ஆனா பிரிக்கற வேல நம்ம சமையக்கட்டுல நடக்கலன்னா அவங்க கையிலதான் வந்து விழுது.

இன்னொண்ணு வாய்க்கா. ராத்திரி வெளிய வெச்ச கவர நாயோ மாடோ கிழிக்கறது உள்ள இருக்கற சோத்துக்காகத்தான், சோறு இல்லன்னா தொடறதில்ல. கிழிஞ்ச கவர் காத்துல பறந்து வாய்க்காவுல விழுந்து தெருமுன கல்வெர்ட்ல, அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலத்துல, போய் அடைக்கும், முதல் மழைக்கே முழங்கால் தண்ணி. 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தட இருந்தும் வாய்க்காவத் தூர்வாரும்போது மேல வர்றது பூரா அதுதான். எங்க வரிசைல இப்ப எதிர்வீட்டுப் பெரியம்மா, மூல வீட்டு அண்ணன்னு சில வீடு டிரம் வெச்சிருக்கோம், அந்தப் பக்கம் வாய்க்கா ஓடுது. அதுக்காக வெள்ளத்தத் தடுக்கும்னு சொன்னா அது கத. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னாடி சாத்தனூர் அணைல ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்து பெண்ணையாறு கரை மீறுனப்போ ஆத்தோரத்துல எந்த வாய்க்காவும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. சாதா ஐப்பசி மழைக்குத்தான் நான் சொல்றது.

மழைக்காலத்துல டிரம்முக்கு முக்கியமா வேண்டியது காஞ்ச இல, அப்போதான் அது கெடைக்காது. வேம்பு, புங்கன் எல்லாம் மாசி பங்குனில கொட்டும், தெருவுல கூட்டிக் குவிச்சுக் கொளுத்துவாங்க, அந்த நேரத்துலயே நாலு கோணி கட்டி படிக்கட்டுக்கு அடியில போட்டுடணும். நாட்டு பாதாம் இல வேணாம், தகடு மாதிரி ஒட்டிக்கிட்டு காத்தையே விடாது. இல தீர்ந்துட்டா மரக்கடைல மரத்தூள் கேட்டு வாங்கலாம், அதுவும் நனையாம வெக்கணும். டிரம் மேல தார்ப்பாய் கட்டும்போது சைடு ஓட்டைய மூடிடாதீங்க, தண்ணியும் போகக்கூடாது, காத்தும் நிக்கக்கூடாது.

டயப்பரும் நாப்கினும் மட்டும் இன்னும் தலவலிதான். பேப்பர்ல சுத்தி மேல பேனாவால சிவப்பு குறி போட்டு தனியா குடுக்கறோம், வாங்கறவங்க கைக்குத் தெரியுமேன்னு. பால்கனி மட்டும் இருக்கற அபார்ட்மென்ட்காரங்க டிரம் வாங்காதீங்க, மண் தொட்டி மூணு அடுக்கு டைப்பு போதும், ஆனா இல எங்க சேத்து வெப்பீங்கன்னு மொதல்ல யோசிச்சுட்டு வாங்குங்க.