ஒத்தக்கடை மாடியில் மூன்று வருடம்: ஜியோஜீப்ரா அனுபவம்

மதுரை ஒத்தக்கடையில் என் வீட்டு மொட்டைமாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வளைவுகளையும் கோடுகளையும் திரையில் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலியை மூன்று வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். காசு கிடையாது. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடுகிறது.

பிள்ளைகள் நுண்கணிதத்தில் தடுக்கி விழுவது வகையிடல் சூத்திரத்தில் இல்லை. அதற்கு வெகு முன்பே, சார்பில், அதாவது ஒரு எண்ணைக் கொடுத்தால் இன்னொரு எண்ணைத் தரும் விதியில். எக்ஸ் ஸ்கொயர் என்றதும் விடை தேடுகிறார்களே தவிர, எக்ஸ் நகர நகர ஒய் என்ன ஆகிறது என்று யோசிப்பதில்லை. பாடப்புத்தகத்தில் சார்பு முதல் பாகத்திலும் எல்லை (லிமிட்) இரண்டாம் பாகத்திலும் வருகின்றன. இடைப்பட்ட மாதங்களில்தான் இந்தச் செயலி எனக்குக் கைகொடுத்தது.

எக்ஸ் ஸ்கொயர் வளைவில் இரண்டு புள்ளி வைத்து ஒரு வெட்டுக்கோடு வரையச் சொல்வேன். ஒரு புள்ளி எக்ஸ் 1இல் அசையாமல் இருக்கும். இன்னொன்றை 2இல் வைத்தால் சாய்வு 3. 1.5க்கு இழுத்தால் 2.5, 1.1இல் 2.1, 1.01இல் 2.01. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததும் கோடே காணாமல் போய்விடும். "கோடு எங்க போச்சு மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது, ஆனாலும் சாய்வு 2ஐ நெருங்குகிறது. எல்லை என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகச் சொல்வேன். எதிரே தெரியும் யானைமலையைக் காட்டி, எங்கே தொடுகோடு (வளைவை ஒரு புள்ளியில் உரசிப்போகும் கோடு) படுக்கையாக இருக்கும் என்று கேட்டால் இப்போது தயங்காமல் விரல் நீட்டுகிறார்கள்.

சைன் 30 என்று பாகைக்குறி இல்லாமல் தட்டினால் அரைக்குப் பதில் மைனஸ் 0.988 வரும். செயலி தப்பு என்பார்கள். பாகைக்குறி போடாவிட்டால் அது 30ஐ ரேடியனாக, அதாவது கோணத்தை அளக்கும் இன்னொரு அலகாக, எடுத்துக்கொள்ளும். நுண்கணிதம் ரேடியனில் நடப்பதைப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது.

குறையும் உண்டு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4ஐ எக்ஸ் மைனஸ் 2ஆல் வகுத்து வரைந்தால், எக்ஸ் 2இல் பூஜ்யத்தால் வகுக்க நேர்வதால் இருக்கவேண்டிய ஓட்டை சாதாரணமாகத் திரையில் தெரியாது, கோடு முழுசாகத்தான் தெரியும். அதை நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

முதல் வருடம் நான் போனையே அதிகம் நம்பிவிட்டேன். படம் பார்த்துப் புரிந்த பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்தக் கை வரவில்லை, தேர்வில் திணறினார்கள். அது என் தவறு. இப்போது முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து, காரணிப்படுத்தி முடித்த பிறகுதான் போனைக் கையில் கொடுக்கிறேன்.