சலான் என்று வந்தது ஏபிகே. போனது 47,500 ரூபாய்

47,500 ரூபாய். நான் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. எந்த லிங்க்கிலும் கார்டு நம்பர் போடவில்லை, பின் நம்பரும் தட்டவில்லை. ஆனாலும் போய்விட்டது. "ஓடிபி மூலம் உறுதிசெய்யப்பட்ட பரிவர்த்தனை என்பதால் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்று வங்கியிலிருந்து இன்று மெயில் வந்திருக்கிறது. அந்தக் கொதிப்போடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்தது அந்த மெசேஜ். முகப்புப் படத்தில் போக்குவரத்து போலீஸ் சின்னம். என் பைக்கின் நம்பர், ஒரு எழுத்துகூடப் பிசகாமல். சலான் எண், தேதி, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அதே 1,000 ரூபாய்தானே? ஐயாயிரம், பத்தாயிரம் என்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சரியான வண்டி நம்பரும் சரியான தொகையும் ஒன்றாக வந்தால் சந்தேகம் எங்கிருந்து வரும்? கோவையில் சிக்னலுக்கு சிக்னல் கேமரா. பின்னால் உட்கார்ந்து வருகிறவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் சலான் வரும். எங்கேயோ மாட்டியிருக்கிறோம் என்றுதான் தோன்றியது. "புகைப்பட ஆதாரத்தைப் பார்க்க" என்று கீழே ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். தொட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு 8-இலிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்பை நிறுவ, ஃபைல் எந்த ஆப் வழியாக வருகிறதோ அந்த ஆப்புக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஃபைல் என்றால் வாட்ஸ்அப்புக்குக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் நாமாகப் போய் அணைக்கிற வரை அது அப்படியே இருக்கும். என் போனில் அது ஏற்கெனவே திறந்து கிடந்தது. ஏன் தெரியுமா? பையனுடைய பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பை பள்ளியே வாட்ஸ்அப் குரூப்பில் ஏபிகே ஃபைலாக அனுப்பி, "செட்டிங்ஸில் போய் அனுமதி கொடுத்து இன்ஸ்டால் செய்யவும்" என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படித்தவர்கள் நடத்தும் பள்ளி. பிளே ஸ்டோரில் ஏற்றக்கூட சோம்பல். அதனால் இந்த ஃபைலைத் தொட்டபோது பெரிய எச்சரிக்கை எதுவும் வரவில்லை. "நிறுவவா?" என்று மட்டும் கேட்டது.

திறந்தால் அரசாங்க எம்-பரிவாகன் ஆப் போலவே இருந்தது. அதே நிறம், அதே சின்னம். எஸ்எம்எஸ், தொடர்புகள், அழைப்புகள் என்று வரிசையாக அனுமதி கேட்டது. இன்றைக்கு எந்த ஆப்தான் கேட்பதில்லை? டார்ச் ஆப்கூடக் கேட்கிறது. "சர்வர் பிஸி, பிறகு முயலவும்" என்று வந்து மூடிக்கொண்டது. அப்புறம் ஐகானையே காணோம்.

நடுராத்திரி ஆட்டம் நடந்திருக்கிறது. ஒரு பெரிய ஆன்லைன் ஷாப்பிங் தளத்தில் என் மொபைல் நம்பரைப் போட்டு, ஓடிபி வரவழைத்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். என் கார்டு அங்கே ஏற்கெனவே சேமித்து வைத்தது. கிஃப்ட் கார்டாக வாங்கித் தள்ளியிருக்கிறார்கள். ஒரு கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது, அது ரிசர்வ் வங்கி விதி. அதனால் பத்தாயிரம் பத்தாயிரமாக நாலு, கடைசியில் ஒரு 7,500. ஒவ்வொன்றுக்கும் ஓடிபி வந்திருக்கிறது, அந்த ஆப் அதைப் படித்து திருடனுக்கு அனுப்பியிருக்கிறது, என் எஸ்எம்எஸ் இன்பாக்ஸில் தடயமே இல்லை. காலையில் மெயிலைத் திறந்தபோது "உங்கள் கிஃப்ட் கார்டு தயார்" என்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் கேக் படம் வேறு, பிறந்தநாள் வாழ்த்தோடு. என் 47,500 ரூபாய்க்கு பிறந்தநாள் வாழ்த்து!

அதற்குள் மாமா போன் செய்கிறார். "மாப்ளே, எனக்கெதுக்குங்க ஃபைன் அனுப்பியிருக்கீங்க? எங்கிட்ட வண்டியே இல்லீங்களே!" என் நம்பரிலிருந்தே எல்லோருக்கும் அதே ஃபைல் போயிருக்கிறது.

இனிமேல்தான் நிஜமான அலைக்கழிப்பு. ஷாப்பிங் தளத்தின் சாட்டில் முதலில் ஒரு ரோபோ, அப்புறம் ஒரு மனிதர். "உங்கள் சிரமம் புரிகிறது சார். கிஃப்ட் கார்டுகள் ரிடீம் ஆகிவிட்டதால் ரத்து செய்ய இயலாது. வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள்." எந்தக் கணக்கில் ரிடீம் ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால், "தனியுரிமைக் கொள்கைப்படி பகிர முடியாது." திருடனுக்குத் தனியுரிமை!

வங்கிக்குப் போனால், "ஓடிபி சரியாப் போட்டிருக்காங்க சார். நீங்க யாருக்காவது சொல்லியிருப்பீங்க, யோசிச்சுப் பாருங்க." சொல்லவில்லை மேடம், ஆப் படித்திருக்கிறது என்றால், "அப்போ மெர்ச்சன்ட்கிட்டதான் சார் கேக்கணும்." மெர்ச்சன்ட், அதாவது அந்த ஷாப்பிங் தளம், வங்கியிடம் போகச் சொல்கிறது, வங்கி மெர்ச்சன்ட்டிடம் போகச் சொல்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தலைக்குப் பின்னால் சுவரில் "ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்" போஸ்டர். பகிரவே இல்லாதவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது?

2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இருக்கிறது. வாடிக்கையாளர் செய்யாத மின்னணுப் பரிவர்த்தனையில் தவறு அவருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். புகார் கொடுத்து பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். "இது கஸ்டமர் நெக்ளிஜென்ஸ்ல வரும் சார்" என்று, அதாவது என் அலட்சியம்தான் என்று, திரும்பத் தள்ளினார் அந்த மேடம். படிக்கக்கூட இல்லை. எதை வைத்து நிரூபித்தார்கள்? ஓடிபி போட்டதே நிரூபணமாம். திருடியவன் போட்டாலும் ஓடிபி சரியாகத்தானே இருக்கும்!

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன், நம்பர் கொடுத்தார்கள். சைபர் கிரைம் போலீஸில் கொஞ்சம் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால், "கிஃப்ட் கார்டா போயிட்டா கஷ்டம் சார், அக்கவுன்ட்டுக்குப் போயிருந்தா முடக்கியிருக்கலாம்" என்றார்கள். ஆக 47,500 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஏபிகே வந்தால் தொடாதீர்கள், சலானோ, கல்யாணப் பத்திரிகையோ, வங்கி கேஒய்சியோ, அனுப்பியது சொந்த அண்ணனே ஆனாலும். சலான் இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பாருங்கள். இப்போதே செட்டிங்ஸில் "அன்னோன் ஆப்ஸ்" என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் எல்லாவற்றுக்கும் அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுமதி எந்தெந்த ஆப்பிடம் இருக்கிறது என்றும் பாருங்கள், அதுதான் ஓடிபி சாவி. ஷாப்பிங் தளங்களில் சேமித்த கார்டை நீக்குங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் ஏரோப்ளேன் மோட், வேறு போனிலிருந்து கார்டை முடக்குங்கள், 1930-க்குப் பேசுங்கள். லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலேயே போட்டுவிடுங்கள். போனை ரீசெட் அடிப்பதற்கு முன் அந்த மெசேஜையும் ஃபைலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்பார்கள்.

வங்கி எழுத்தில் மறுத்துவிட்டால், பதிலுக்காக முப்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் நேராகப் போகலாம். மறுத்துவிட்டார்கள், மெயில் கையில் இருக்கிறது. இன்று ராத்திரியே போடுகிறேன்.