தாழையூத்துத் தண்ணீரில் சடைமுடிக்கு எந்த ஷாம்பு?

நாலு வருடமாக ட்ரெட்லாக்ஸ் வைத்திருக்கிறேன், அதாவது திரி திரியான சடைமுடி, வீடு திருநெல்வேலி பக்கத்துத் தாழையூத்தில். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது என்றுதான் 1949-இல் இங்கே சிமெண்ட் ஆலையே வந்தது. அந்தச் சுண்ணாம்பில் ஊறி வருகிற போர் தண்ணீரில்தான் நான் தலைக்குக் குளிக்க வேண்டும். பாத்ரூம் குழாய் மூக்கில் வெள்ளைப் பொருக்கு, ஹீட்டர் கம்பியில் முட்டை ஓடு மாதிரி படிவு, வாளியைச் சுற்றிக் கோடு. சாதாரண முடி என்றால் வாரும்போது பாதி உதிர்ந்துவிடும். சடைக்குள் போனது அப்படி வெளியே வராது, வாரத்துக்கு வாரம் உள்ளேயே சேரும்.

எனக்கு அது தெரிய வந்தது இரண்டாவது வருடம். பிடரிப் பக்கத்துத் திரி ஒன்றை நடுவில் பிரித்துப் பார்த்தேன், உள்ளே சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் அப்பிக்கொண்டது, மோந்து பார்த்தால் பழைய சோப்பு வாடை. இத்தனைக்கும் அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது ட்ரெட்லாக்ஸுக்கென்றே செய்த கட்டி ஷாம்பு, 'படிவு விடாது' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது, 650 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கியது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்படி இல்லை. அம்பாசமுத்திரத்தில் என் நண்பன் ஒருவன் அதே கட்டியைத்தான் போடுகிறான், அவன் சடை சுத்தமாக இருக்கிறது. அவன் வீட்டுக் குழாயில் வருவது தாமிரபரணி தண்ணீர். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும் இன்னொரு பாட்டிலில் எங்கள் போர் தண்ணீரையும் பாதிப் பாதி பிடித்து, கட்டியிலிருந்து கடலைப் பருப்பு அளவு சீவி இரண்டிலும் போட்டுக் குலுக்கினோம். ஆற்றுத் தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறி நின்றது, கீழே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு. எங்கள் தண்ணீரில் நுரையே பிடிக்கவில்லை, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. அந்தத் துணுக்குகள்தான் இரண்டு வருடமாக என் தலைக்குள் போயிருக்கின்றன.

காரணம் சின்னதுதான். எண்ணெயில் காரம் சேர்த்துச் செய்கிற எந்தச் சோப்பும் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் இருந்தால் அதோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். கட்டியாக இருந்தாலும் சரி, திரவமாக இருந்தாலும் சரி, எவ்வளவு இயற்கையானது, எவ்வளவு விலை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ட்ரெட்லாக்ஸ் வைத்திருப்பவர்கள் விரும்பி வாங்குகிற, தாவர எண்ணெயில் செய்கிற காஸ்டைல் சோப்பும் இதே ரகம்தான். தண்ணீர் மென்மையாக இருக்கிற ஊரில் அது நல்ல பொருள். தாழையூத்திலும், போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து வீடுகளிலும் அதை வாங்காதீர்கள்.

முதலில் உங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் மீட்டர் இதற்குப் போதாது, அது எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை, தனியாகச் சொல்லாது. சொட்டு மருந்து போட்டுப் பார்க்கிற கிட் கிடைக்கிறது. தண்ணீரில் சாயத்தைப் போட்டால் திராட்சைச் சிவப்பாகும், அப்புறம் சொட்டுச் சொட்டாக விட்டு அது நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும். குடிதண்ணீருக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. எங்கள் போரில் 650 வந்தது. இன்னொன்று, அந்தச் சொட்டு மருந்தில் இருப்பது ஈடிடிஏ என்கிற பொருள், அது கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதே ஈடிடிஏதான் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்திலும் நாம் தேட வேண்டியது.

பின்பக்கம் படிக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ இருந்தால் நல்லது, சோடியம் சிட்ரேட் இருந்தாலும் உதவும். டைமெதிக்கோன், பாலிகுவாட்டர்னியம் என்று ஆரம்பிப்பவை, குவார் என்று தொடங்கும் நீளமான பெயர், இவையெல்லாம் முடியில் தங்கி வழவழப்புக் கொடுக்கவே சேர்க்கப்படுபவை. வாருகிற முடிக்கு அது நல்லது, சடைக்கு வேண்டாம். முத்து மாதிரி பளபளக்கிற ஷாம்பு என்றால் பெரும்பாலும் கிளைகால் டைஸ்டியரேட் இருக்கும், அதையும் ஒதுக்கிவிடுவேன். கட்டியாகவே வேண்டும் என்றால் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது சோப்பு கிடையாது, கடினத் தண்ணீரில் திரியாது.

இப்போது ஒன்றரை வருடமாக நான் போடுவது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் ஒரு கிளாரிஃபையிங் ஷாம்பு, அதாவது படிவை நீக்கவென்றே செய்தது, 240 ரூபாய். பிராண்டு பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, பாட்டிலை மாற்றும்போது உள்ளே இருப்பதையும் மாற்றிவிடுகிறார்கள், பெயரை நம்பி நீங்கள் வாங்கிவிடக் கூடாது. சோடியம் லாரெத் சல்ஃபேட்டும் கோகாமிடோபுரோப்பைல் பீட்டேனும் முதலில் இருக்கின்றன, கடைசியில் டைசோடியம் ஈடிடிஏ. குலுக்கிப் பார்த்தபோது எங்கள் தண்ணீரிலும் நன்றாக நுரைத்தது, துணுக்கு எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் திரிகளின் கனம் குறைந்தது, பிழிந்தால் வருகிற தண்ணீர் சாம்பலாக இல்லாமல் தெளிவாக வந்தது. குறை என்றால், மண்டை வறண்டுபோகும். அதனால் பத்து நாளைக்கு ஒரு தடவைதான். ஒரு மூடி அளவை ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி வேரில் மட்டும் ஊற்றித் தேய்க்கிறேன், நுனிக்கு வழிந்து போகிற நுரையே போதும்.

ஆச்சிக்கு இந்தப் பாட்டில் விவகாரமே பிடிக்காது. "ஏல, எதுக்குல இத வாங்குத, பூந்திக்கொட்டைய ஊறப்போட்டா ஆகாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு நாள் அவளே செய்து கொடுத்தாள். பத்துக் கொட்டையை விதை நீக்கி இரவு ஊறவைத்து, காலையில் ஒரு கொதி விட்டுக் கசக்கி, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள். தேன் நிறத்தில் இறங்கியது. எங்கள் தண்ணீரிலேயே நுரைத்தது, கொட்டையில் இருக்கிற சபோனின் சோப்பு மாதிரித் திரிவதில்லை. ஷாம்பு அளவுக்கு அழுக்கு போகாது, ஆனால் மண்டை வறளவில்லை, இப்போது ஒரு தடவை ஷாம்பு என்றால் அடுத்த தடவை இதுதான். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துப்போகும். சீயக்காய்த் தூளையும் அரப்புத் தூளையும் மட்டும் அப்படியே சடையில் போடாதீர்கள், திப்பி உள்ளே சிக்கினால் எடுக்க முடியாது. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கிற தாளியும் அப்படித்தான், உள்ளே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஷாம்புவைவிட முக்கியம் கடைசியாக அலசுகிற தண்ணீர். ஷாம்புவில் இருக்கும் துளி ஈடிடிஏ 650 அளவு கடினத்தை முழுதாகச் சமாளிக்காது, போர் தண்ணீரிலேயே அலசி முடித்தால் காயும்போது சுண்ணாம்பு திரிக்குள் தங்கிவிடும். நான் முதலில் போர் தண்ணீரில் நுரை போக அலசிவிட்டு, முடிவில் ஐந்து லிட்டர் ஆர்ஓ தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிப் பிழிகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர். முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. மாதம் ஒரு முறை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு அலசினால் பழைய படிவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சமையல் சோடாவில் ஊறவைக்கச் சொல்வார்கள், அது காரம், கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு படியத்தான் வழி செய்யும். ஷவரில் மாட்டுகிற சின்ன ஃபில்டருக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன், குளோரின் வாடை போகலாம், கடினத்தன்மை சொட்டுக் கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. குறைக்க வேண்டுமென்றால் உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற சாஃப்ட்னர்தான் வைக்க வேண்டும், அது வீட்டுக்கே ஆகிற செலவு.

தயவுசெய்து பாபநாசத்துக்கோ அம்பாசமுத்திரம் படித்துறைக்கோ போய் ஆற்றில் நின்று ஷாம்பு போடாதீர்கள். அந்தத் தண்ணீர் கீழே எத்தனையோ ஊருக்குக் குடிக்கப் போகிறது. வெறும் தண்ணீரில் முங்கி அலசிவிட்டு வாருங்கள், சடைக்கு அதுவே பெரிய உபகாரம்.

சாஷே கிடைத்தால் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, உங்கள் குழாய்த் தண்ணீரில் குலுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பாட்டில் வாங்குங்கள். குளிப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், என் சடை நல்ல வெயிலிலேயே காய நாலு மணி நேரம் எடுக்கிறது.