பக்கத்து மனையில் கட்டட வேலை: மேஸ்திரியிடம் சொல்வதா, ஓனரிடமா, மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கா?

சென்னை நங்கநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டை இடித்து ஜாயின்ட் வென்ச்சரில் (மனை ஓனருடையது, கட்டுவது பில்டர்) ஃபிளாட் கட்டி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ஓனருக்குத்தான், அதுவும் கையில் ஒரு காகிதத்தோடு.

வாசலை மறித்து ஜல்லி கொட்டுவது, விடியற்காலையில் மோட்டார் போடுவது போன்ற தினசரித் தொல்லைகளுக்கு மேஸ்திரி போதும். சொன்ன உடனே நடக்கும். ஆனால் சென்டரிங் ஆட்கள் போய் பூச்சு ஆட்கள் வந்தால், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

புகாருக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. இடிபாட்டைத் தெருவில் குவித்தால் மாநகராட்சியின் 1913 இருக்கிறது. ஒரு நாள் ரூஃப் கான்கிரீட் இரவு 11-ஐத் தாண்டியும் ஓடியது. பொறுக்க முடியாமல் 100-க்குப் போன் செய்தேன். ரோந்து வண்டி வந்தது, மிக்ஸர் நின்றது. பாதியில் நின்ற கான்கிரீட்டோடு மறுநாள் போடுவது சரியாக ஒட்டாமல் ஜாயின்ட் விழுந்து பின்னால் ஒழுகும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓனர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

சத்தமும் தூசியும் வேலையோடு போய்விடும். விரிசல் போகாது. அது பழசா புதுசா என்பதை 1913-இல் யாரும் சொல்லப் போவதில்லை. எங்கள் வீடு நாற்பது வருடத்துச் செங்கல் கட்டடம், அஸ்திவாரம் ஆழமில்லை. இடிக்கத் தொடங்கும் முன்பே ஓனரையும் பில்டரின் இன்ஜினியரையும் வீட்டுக்கு அழைத்தேன். “நாளைக்கு உங்க மேல வீண் பழி வரக்கூடாது சார், இருக்கிற விரிசலை எல்லாம் இப்பவே படம் எடுத்துடலாம்” என்றேன். ஓனருக்கு அது பிடித்திருந்தது. அறை அறையாகப் படம் எடுத்தோம். ஒவ்வொரு விரிசலும் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். பிரிண்ட் போட்ட இரண்டு செட்டிலும் மூவரும் கையெழுத்து.

ஐப்பசி மழையில் தோண்டிய குழி நிரம்பி, எங்கள் பக்கத்து மண் சரிந்தது. சமையலறை மூலையில் சாய்வாக ஒரு விரிசல். “பழைய வீடு சார், இது முன்னாடியே இருந்திருக்கும்” என்றார் இன்ஜினியர். படத்தை எடுத்துக் காட்டினேன். மூலை சுத்தமாக இருந்தது, கீழே அவர் கையெழுத்து. குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வரவில்லை. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் அது உடைந்தது, அதாவது சுவர் இன்னும் நகர்கிறது. உடனே மணல் மூட்டை அடுக்கி முட்டுக் கொடுத்து, அந்தப் பக்கத்து ஃபூட்டிங்கை (தூணின் அடித்தளத்தை) முதலில் முடித்துக் குழியை மூடினார்கள். அடுத்து ஒட்டிய கண்ணாடி ஒரு மாதம் உடையாமல் நின்ற பிறகு, அவர்கள் செலவிலேயே விரிசலை அடைத்துப் பூசிக் கொடுத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து மனை ஓனர் எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம், குடிவரப் போகிறவரும் அவர்தான். மனையை மொத்தமாக வாங்கி விற்றுவிட்டுப் போகிற புரமோட்டர் இப்படிக் கையெழுத்துப் போடுவாரா என்பது சந்தேகம். அந்த நிலையில் நானாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே படங்களை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்திருப்பேன். வக்கீல் நோட்டீஸ் வரை எனக்குப் போக நேரவில்லை.

அப்புறம், மொட்டை மாடியையும் சேர்த்துப் படம் எடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். கைப்பிடிச் சுவர் விரிசலைப் பழையது என்று அதே இன்ஜினியர் சொன்னபோது காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அந்த 8,000 ரூபாய் என் கையிலிருந்துதான் போனது.