மேடைக்கு ஏற்ற மலிவு டெனர் கிட்டார்: புளூரிட்ஜ் பி.ஆர்-40டி

கீபோர்டு, ஆறு தந்திக் கிட்டார், பேஸ் ஆகிய மூன்றும் ஏற்கெனவே உள்ள ஓர் இசைக்குழுவில் இன்னொரு தந்திக் கருவியைச் சேர்த்தால், பெரும்பாலும் இரைச்சல்தான் கூடும். கோலாலம்பூரில் திருமண விருந்துகளிலும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளிலும் திரைப்பாடல்கள் வாசிக்கும் எங்கள் குழுவில் டெனர் கிட்டார் அந்தத் தொல்லையைத் தரவில்லை. அதற்குக் காரணம் அதன் விலையோ மரமோ அல்ல, அதன் ஒலி எங்கே தொடங்குகிறது என்பதுதான். ஆறு தந்திக் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; டெனர் கிட்டாரின் தடித்த தந்தியோ 131 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. பேஸும் கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையும் தபேலாவின் இடக்கைப் பக்கமான டக்காவும் நெருக்கியடிக்கும் பகுதிக்குள் அது இறங்குவதே இல்லை.

இக்கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு தந்திகள், கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து உடலின் மேல் தாங்கும் சேடில் வரை பொதுவாக 21 முதல் 23 அங்குல நீளம், சி, ஜி, டி, ஏ என்று பஞ்சம இடைவெளியில் அமைந்த சுருதி. வயோலாவுக்கும் இதே நான்கு சுரங்கள், அதே உயரத்தில் உள்ளன. தோல் முகப்புள்ள நான்கு தந்திக் கருவியான டெனர் பேஞ்சோவை வாசித்தவர்கள் விரலமைப்பை மாற்றாமலே கிட்டாருக்கு மாறும் வகையில், மார்ட்டினும் கிப்சனும் 1920களின் பிற்பகுதியில் இதைச் செய்து விற்றன. ஜாஸில் இதன் மின் வடிவத்தைக் கையாண்டவர்களில் டைனி கிரைம்ஸ் முக்கியமானவர். 1943இல் பியானோ கலைஞர் ஆர்ட் டேட்டம் அமைத்த மூவர் குழுவில் அவர் வாசித்தது நான்கு தந்திக் கிட்டாரைத்தான்.

வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியது சுருதி. கிட்டார் வாசிப்பவர்கள் பலர் இதை டி, ஜி, பி, இ என்று ஆறு தந்திக் கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகளைப் போல மாற்றிவிடுகிறார்கள். சிகாகோ சுருதி என்று இதற்குப் பெயர். என் கருத்தில், அப்படி வாசிக்கப் போகிறவருக்கு இக்கருவி தேவையே இல்லை; கையில் இருக்கும் கிட்டாரில் தடித்த இரு தந்திகளைத் தொடாமல் வாசித்தாலே போதும். பஞ்சம சுருதியில் ஒரு கார்டு, அதாவது ஒருங்கே ஒலிக்கும் சுரக் கூட்டு, விரியும் விதம்தான் இதன் தனித்தன்மை. சி மேஜரைத் திறந்த நிலையில் பிடித்தால் சி, ஜி, இ, சி என்று நான்கு சுரங்களும் இரண்டு ஆக்டேவ் பரப்பில் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கீபோர்டு கலைஞரின் வலக்கை அடர்த்தியாக வாசிக்கும்போதும் அவற்றுக்கிடையே இது தெளிவாகக் கேட்கிறது. மேண்டலின் அல்லது மேற்கத்திய முறையில் வயலின் பழகியவர்களுக்கு விரல்கள் உடனே படிந்துவிடும். கிட்டார் மட்டுமே தெரிந்தவர்கள் கார்டுகளைப் புதிதாகக் கற்க வேண்டும். பாடகர் கடைசி நேரத்தில் அரைச் சுருதி ஏற்றச் சொன்னாலும், பிடிப்பை அப்படியே ஒரு ஃபிரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) நகர்த்தினால் போதும் என்பதால், தந்திகளை ஒருசேர அழுத்தும் கவ்வியான கேப்போவின் தேவை எனக்கு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

கோலாலம்பூர்க் கடைகளில் டெனர் கிட்டாரைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். "டெனர்" என்று கேட்டதுமே விற்பனையாளர் உற்சாகமாக எடுத்துத் தருவது டெனர் உக்குலேலேயாகத்தான் இருக்கும். அது ஏறத்தாழ 17 அங்குல நீளமுள்ள, நைலான் தந்தி பூட்டிய வேறொரு கருவி. ஒரு கடையில் கிடைத்த மிக மலிவான டெனர் கிட்டாரை வாசித்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி வாசித்த சுரமும் அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் சி தந்தியில் பொருந்தவே இல்லை. சேடிலை நேராகப் பதித்திருந்தார்கள். தடித்த தந்திக்குக் கூடுதல் நீளம் தரும் சாய்வு இல்லாத கருவியில், மேல் ஃபிரெட்களில் எந்தக் கார்டும் சுருதி சேராது. எந்தப் பிராண்டை வாங்கினாலும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

மின் கருவிகளில் கனடா நாட்டு ஈஸ்ட்வுட் நிறுவனம், ராக் பாடகர் நிக் கேவின் குழுவில் வாசிக்கும் வாரன் எல்லிஸ் பெயரில் வெளியிட்டுள்ள டெனர் பலருக்கும் அறிமுகமானது. உரத்த மேடையில் ஒலிபெருக்கியின் ஒலி கருவிக்குள் திரும்பிப் புகுந்து எழுப்பும் ஊளைச் சத்தம் பற்றிய கவலை குறைவு என்பதால், ராக் வாசிக்கும் குழுவுக்கு அத்தகைய மின் டெனரையே பரிந்துரைப்பேன். எங்கள் குழுவில் மின் கிட்டார் ஏற்கெனவே இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது, மெல்லிசைப் பாடல்களில் தாளத்தைத் தாங்கிச் செல்லும் மரத்தின் ஒலி. அதனால்தான் புளூரிட்ஜ் பி.ஆர்-40டியைத் தேர்ந்தெடுத்தேன்.

சீனாவில் செய்யப்படும் இக்கருவியின் முகப்பு திடமான ஸ்புரூஸ் பலகை. பின்புறமும் பக்கங்களும் மஹோகனி. இந்த விலைப் பிரிவில் ஒட்டுப் பலகை முகப்பே வழக்கம் என்பதால், திடப் பலகை கிடைப்பது பெரிய அனுகூலம். நடு இரு தந்திகளின் ஒலி வறண்டு, விரைந்து எழுந்து, விரைந்து அடங்குகிறது. துள்ளல் தாளத்தில் ஸ்ட்ரம் செய்யும்போது இந்த அடக்கம்தான் தாளத்தைத் துல்லியமாக வைத்திருக்கிறது. மெதுவான பாடலில் ஒற்றைச் சுரங்களை நீட்டி வாசிக்க நினைப்பவருக்கு இதே குணம் ஏமாற்றமளிக்கலாம். மெல்லிய ஏ தந்தி கூர்மையாக ஒலிப்பதால் கனமான பிக்கை (தந்தி மீட்டும் சிறு தகடு) பயன்படுத்துகிறேன்.

இக்கருவியில் ஒலியை மின் சமிக்ஞையாக்கும் பிக்-அப் கிடையாது. மேடைக்கு வாங்குபவர் அதன் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒலித்துளையில் பொருத்தும் காந்தப் பிக்-அப்கள் ஆறு தந்திகளின் இடைவெளிக்குச் செய்யப்பட்டவை என்பதால், டெனரில் சில தந்திகள் காந்த முனைகளுக்கு நடுவே விழுந்து ஒலி ஏற்றத்தாழ்வாக வருகிறது. முகப்புப் பலகையின் உட்புறம் ஒட்டி, மரத்தின் அதிர்வை உணரும் பீசோ வகையைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பொருத்தச் செய்தேன். பெரிய மண்டபங்களில் மானிட்டர் (வாசிப்பவரை நோக்கிய ஒலிபெருக்கி) ஒலியைக் கூட்டினால் முகப்புப் பலகை ஊளையிடத் தொடங்கும். ஒலித்துளைக்கு ரப்பர் மூடியிட்டதும், ஒலி அமைப்பாளரிடம் சொல்லி 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் வெட்டச் செய்ததும் அதைப் பெருமளவு அடக்கிவிட்டன. ஆறு தந்திக் கிட்டாரில் இப்படி வெட்டினால் கீழ்ச் சுரங்கள் மெலியும். டெனரில் அங்கே வெட்டுவதற்குச் சுரமே இல்லை.

திடப் பலகைக்கு நம் ஊர்த் தட்பவெப்பம் ஒரு சோதனை. கிட்டார் தயாரிப்பாளர்கள் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கிறார்கள். கோலாலம்பூரின் காற்றில் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் சாதாரணம். பலகை ஈரத்தை உறிஞ்சி மேடிடும்போது தந்திகள் ஃபிரெட்களிலிருந்து உயர்ந்து, விரல்கள் சீக்கிரம் களைத்துவிடும். அதே கருவியை, மாப்பிள்ளை வீட்டார் சால்வை தேடும் அளவுக்குக் குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்குள் கொண்டுபோனால் சுருதி உடனே நகரும். பெட்டியில் சிலிகா பொட்டலங்களுடன் ஈரப்பதமானியும் வைத்திருக்கிறேன். மேடையேறுவதற்குப் போதிய நேரம் முன்பே பெட்டியை மண்டபத்துக்குள் திறந்து வைக்கிறேன். நட்டின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் நல்ல பழுதுபார்ப்பவரிடம் சரிசெய்துகொள்ளும் செலவு தவிர்க்க முடியாதது.

மெல்லிய ஏ தந்திதான் மேடையில் கவலைக்குரியது. ஏறத்தாழ 23 அங்குல நீளத்தில் அதை 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுவது, வழக்கமான 25.5 அங்குலக் கிட்டாரின் முதல் தந்தியை இ-யிலிருந்து ஜி வரை முறுக்குவதற்குச் சமம். தடித்த தந்தியைப் போட்டால் தாங்கும் என்று நினைப்பது பயன் தராது. எஃகு அறுவதைத் தீர்மானிப்பவை நீளமும் சுருதியுமே தவிர, தடிமன் அல்ல. தடித்த தந்தி போட்டால் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் மீதான இழுப்புதான் கூடும். நட்டின் பள்ளத்தைப் பென்சில் கரியால் வழவழப்பாக்குவதும், நீண்ட நிகழ்ச்சிக்கு முன் புதுத் தந்தி பூட்டுவதும் உதவுகின்றன.

டெனர் கிட்டாருக்கெனத் தனித் தந்தித் தொகுப்பு எல்லாக் கடைகளிலும் இருப்பதில்லை. 0.010 அங்குலத்தில் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் அக்கூஸ்டிக் கிட்டார்த் தொகுப்பை வாங்கி, முதல் நான்கு தந்திகளை ஏ, டி, ஜி, சி என்று அதே வரிசையில் பூட்டினால் சரியாக அமைகிறது. நான்காவது தந்தி 0.030 அங்குலமாக இருப்பதால் சி சற்றுத் தளர்வாகத் தோன்றும். அதற்கு மட்டும் 0.032 தனித் தந்தி வாங்கலாம். 0.010 தந்திகளில் இரண்டை எப்போதும் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.